சமூக ஆய்வு அச்சேறும் பாதை: அறிவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பதிப்பு முறைகள்

சமூகத்தைப் பற்றிய ஆய்வு களத்தில் நடக்கிறது, முடிந்ததும் கட்டுரையாக வெளியாகிறது, பதிப்பு என்பது கடைசிப் படி மட்டுமே என்று முதலாண்டு ஆய்வு மாணவர்கள் பலர் எண்ணுகிறார்கள். நடப்பது வேறு. எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது, அது எத்தனை சொல் ஏற்கும், எந்த மொழியில் கேட்கும், யார் பணம் கட்டுவது, வெளிவந்தபின் யாருக்குப் படிக்கக் கிடைக்கும் என்ற கணக்குகள் கேள்வித்தாள் தயாராகும் முன்பே தொடங்கிவிடுகின்றன. எதை ஆராய்வது, எதை விட்டுவிடுவது என்ற முடிவிலேயே அவற்றுக்குப் பங்கு உண்டு. இதைத் தெரிந்துகொண்டு களத்துக்குப் போகிறவருக்கும் தெரியாமல் போகிறவருக்கும் கிடைக்கும் அறிவு ஒன்றாக இருக்காது.

விளக்க வசதிக்காக ஓர் ஆய்வைக் கற்பனை செய்துகொள்வோம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, தைக்கும் பெண்கள் 200 பேரிடம் கேள்வித்தாள், அவர்களில் 30 பேரிடம் நீண்ட நேர்காணல். நுண்கடன் வாங்கிய பெண்கள், வாங்காதவர்களைவிடக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்கிறார்களா என்பது கேள்வி. ஆய்வு செய்பவர் ஒரு முனைவர் பட்ட மாணவி.

கட்டுரை கடக்கும் படிகள்

சமூகவியல், மானிடவியல் இதழ்கள் பெரும்பாலும் அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் சேர்த்து 8,000 சொல்லை ஒட்டிய கட்டுரையைக் கேட்கின்றன. சுருக்கம் 150 முதல் 200 சொல், திறவுச்சொற்கள் ஐந்தாறு. ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தாக்கினால் ஏறக்குறைய 20 பக்கம் வரும். 30 நேர்காணல் என்றால் 600 பக்கம். அதிலிருந்து கட்டுரைக்குள் போவது பத்துப் பன்னிரண்டு மேற்கோள்தான். எந்தப் பெண்ணின் எந்த வாக்கியம் அந்தப் பன்னிரண்டில் இடம்பெறும் என்பதை, கட்டுரையின் வாதத்துக்கு எது தோதாக வருகிறது என்பதே முடிவு செய்கிறது. வாதத்துக்கு ஒத்துவராத பேச்சுகளையும் இரண்டு மூன்று இடத்திலாவது கொண்டுவருவது நல்ல ஆய்வாளரின் அடையாளம்.

மதிப்பிடுபவருக்கு எழுதியவர் யார் என்று தெரியக்கூடாது என்பதால், அனுப்பும்போது இரண்டு கோப்புகள் வேண்டும். பெயர், நிறுவனம், நன்றியுரை கொண்ட தலைப்புப் பக்கம் தனி. பெயரில்லாத கட்டுரை தனி. 'என் முந்தைய ஆய்வில் காட்டியபடி' என்ற ஒரு வரி எழுதியவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் படர்க்கையில் மாற்ற வேண்டும். வேர்டு கோப்பின் பண்புகள் பகுதியில் ஒட்டியிருக்கும் பெயரை அழிக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது முறைகேடாகவே கருதப்படும். ஓர் இதழ் முடிவு சொன்னபின்தான் அடுத்தது.

முதலில் பார்ப்பவர் இதழாசிரியர். எல்லைக்கு வெளியே, அளவு மீறல், கேள்வியே தெளிவில்லை என்ற காரணங்களால் பல கட்டுரைகள் சில வாரங்களில் திரும்பிவிடும். தப்பிப் போனது பொதுவாக அதே துறையைச் சேர்ந்த இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் செல்கிறது. அவர்களுக்கு ஊதியம் கிடையாது. கேட்டவர்கள் மறுக்க மறுக்க, வேறு ஆள் தேடுவதிலேயே மாதங்கள் போகும்; மூன்று முதல் ஆறு மாதம் சாதாரணம். முடிவு நான்கு வகை: ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், நிராகரிப்பு. நேரடி ஏற்பு மிக அரிது. பெருந்திருத்தம் என்று வந்தால் அது நல்ல செய்தி. நிராகரிப்பு என்று எண்ணி அந்த இடத்தில் கைவிடுபவர்கள் நிறைய.

திருத்தி அனுப்பும்போது கூடவே ஒரு பதில் கடிதம் வேண்டும். இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணை போதும்: இடப்பக்கம் மதிப்பீட்டாளர் சொன்னது, வலப்பக்கம் என்ன மாற்றினோம், எந்தப் பக்கத்தில். ஒப்புக்கொள்ள முடியாத குறிப்புக்குக் காரணம் எழுதலாம், அது குற்றமாகாது. பதிலே சொல்லாமல் விட்ட குறிப்புதான் இரண்டாம் சுற்றில் கட்டுரையைக் கவிழ்க்கும். அனுப்பியதிலிருந்து வெளிவரும்வரை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆவது வழக்கம்.

மதிப்பீடு கட்டுரையைச் செப்பம் செய்கிறது. கூடவே திசையும் மாற்றுகிறது. திருப்பூரையே பார்த்திராத ஒரு மதிப்பீட்டாளர், 'இது எந்தக் கோட்பாட்டு விவாதத்துக்குப் பங்களிக்கிறது?' என்று கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பீஸ் ரேட் எப்படி நிர்ணயமாகிறது, லைனில் யார் பேரம் பேசுகிறார், தீபாவளி போனஸ் கடனோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்ற நுணுக்கங்கள் 3,000 சொல்லிலிருந்து 1,200 சொல்லாகச் சுருங்கி, மிச்ச இடத்தில் வெளிநாட்டு விவாதம் ஏறிக்கொள்கிறது. அடுத்த முறை களத்துக்குப் போகும்போது மாணவி அந்த விவாதத்துக்குத் தேவையானதையே கேட்கப் பழகிவிடுவார்.

மதிப்பீடு எவ்வளவு நம்பகமானது என்பதை உளவியலாளர்கள் பீட்டர்ஸ், செசி இருவரும் 1982இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தார்கள். ஏற்கெனவே பெயர்பெற்ற இதழ்களில் வெளியான 12 கட்டுரைகளை எடுத்து, ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தையும் கற்பனையாக மாற்றி, அதே இதழ்களுக்கே மீண்டும் அனுப்பினார்கள். மூன்று மட்டும் பிடிபட்டன. மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன, அதுவும் பெரும்பாலும் முறையியல் குறை என்ற காரணத்தால். ஒரே எழுத்து, வேறு முகவரி, வேறு தீர்ப்பு. அந்த இதழ்களில் பெயரை மறைத்து மதிப்பிடும் வழக்கம் அப்போது இல்லை. பெயரில்லாத கோப்பு ஏன் முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

வெளிவராமல் போகும் முடிவுகள்

கடன் வாங்கிய பெண்களுக்கும் வாங்காதவர்களுக்கும் கூலியில் வேறுபாடே இல்லை என்று முடிவு வந்தால்? அறிவு என்ற வகையில் அது முக்கியமான செய்தி. கடனைக் கட்டுப்படுத்தினால் கூலி உயரும் என்று யாராவது திட்டம் தீட்டினால், அது பலிக்காது என்று முன்கூட்டியே சொல்லும் செய்தி. ஆனால் இதழ்களுக்கு 'இல்லை' என்ற விடையில் ஆர்வம் குறைவு. அதை அறிந்த ஆய்வாளர்கள் எழுதுவதற்கே உட்காருவதில்லை.

எவ்வளவு பெரிய இழப்பு இது? அமெரிக்காவில் டெஸ் என்றொரு திட்டம் இருக்கிறது. நாடு தழுவிய மாதிரியில் கருத்தாய்வுச் சோதனை நடத்த சமூக அறிவியலாளர்களுக்கு உதவுவது அதன் வேலை. விண்ணப்பங்கள் முன்பே மதிப்பிடப்பட்டுத்தான் ஏற்கப்படும். ஆகவே எத்தனை ஆய்வு நடந்தது என்ற முழுப் பட்டியலும் கையில் உண்டு. பிராங்கோ, மல்ஹோத்ரா, சிமனோவிட்ஸ் ஆகியோர் அதில் 221 ஆய்வுகளைப் பின்தொடர்ந்து 2014இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். உறுதியான விளைவைக் கண்ட ஆய்வுகளில் ஏறத்தாழ 60 சதவீதம் வெளியாகியிருந்தன; விளைவு இல்லை என்றவற்றில் ஏறத்தாழ 20 சதவீதம்தான். இன்னும் கவலைக்குரியது அடுத்த எண்: விளைவு இல்லாத ஆய்வுகளில் மூன்றில் இரண்டு பங்கு எழுதப்படவே இல்லை. இதழாசிரியர் தடுத்தது குறைவு. எழுதியவரே தன்னைத் தடுத்துக்கொண்டது அதிகம்.

பத்துப் பேர் ஒரே கேள்வியை ஆராய்ந்து, எட்டுப் பேருக்கு 'இல்லை' என்றும் இரண்டு பேருக்குத் தற்செயலாக 'ஆம்' என்றும் வந்தால், அச்சில் இருப்பது அந்த இரண்டுதான். நூலகத்தில் தேடுபவருக்கு ஒருமித்த சான்று போலத் தோன்றும். உளவியலில் 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்த கூட்டு முயற்சி 2015இல் வெளிவந்தபோது, மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க விளைவைச் சொல்லியிருந்தன. மறுஆய்வில் அது 36 சதவீதமாக இறங்கியது. அதற்குக் காரணங்கள் பல. பதிப்புத் தேர்வு அவற்றில் முதன்மையான ஒன்று.

இதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு. 2013இல் 'கார்டெக்ஸ்' இதழ் தொடங்கிவைத்த முறையில், தரவு திரட்டும் முன்பே கேள்வி, முறை, பகுப்பாய்வுத் திட்டம் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். மதிப்பீடு அப்போதே நடக்கும். திட்டம் சரி என்றால், விடை எதுவானாலும் வெளியிடுவோம் என்று இதழ் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. கேள்வித்தாள் வகை ஆய்வுக்கு இது நன்றாகப் பொருந்தும். களத்தில் போய்த்தான் கேள்வியே உருவாகும் மானிடவியலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே வற்புறுத்தினால் புதிய கெடுதல்தான் வரும்.

எண்ணிக்கை எதைப் பார்க்கிறது

இதழ்களின் தரத்துக்கு இம்பாக்ட் ஃபாக்டர் என்ற எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி வருகிறது என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. கணக்கு எளிது. ஓர் இதழ் 2022இல் 30, 2023இல் 30 என்று 60 கட்டுரை வெளியிட்டது. அந்த 60 கட்டுரைகளையும் சேர்த்து 2024இல் மற்றவர்கள் 90 முறை மேற்கோள் காட்டினார்கள். 90ஐ 60ஆல் வகுத்தால் 1.5. அதுதான் அந்த இதழின் 2024ஆம் ஆண்டு எண்.

இப்போது திருப்பூர் கட்டுரையை இந்தக் கணக்குக்குள் வைத்துப் பாருங்கள். 2022 மார்ச்சில் வெளியாகிறது. மதுரையில் ஒருவர் 2023இல் படித்து, அதை வைத்து 2024இல் களஆய்வு செய்து, 2025இல் எழுதி, 2026இல் வெளியிடுகிறார். அவருடைய மேற்கோள் 2026இல்தான் பதிவாகும். இரண்டு ஆண்டுச் சாளரம் அதற்குள் மூடிவிட்டது. மெதுவாக நகரும் துறைகளை இந்த எண் இயல்பாகவே சிறியதாகக் காட்டும். நூலாக எழுதும் மரபு கொண்ட வரலாறும் மானிடவியலும் இதில் இன்னும் பின்தங்கும். மேலும் இது சராசரி: 60 கட்டுரையில் ஐந்தே 60 மேற்கோளை அள்ளியிருக்கலாம், இருபது ஒன்றுகூடப் பெறாமல் இருக்கலாம். இதழின் எண்ணை வைத்துத் தனி ஆளின் தரத்தை அளப்பது கணக்கின்படியே தவறு.

இதை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டின் நோக்கம் தன் மேற்கோள் அட்டவணைக்கு இதழ்களைத் தேர்ந்தெடுப்பது. நூலகங்களும் எந்த இதழை வாங்கலாம் என்று பார்க்க அதைப் பயன்படுத்தின. அது பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் அளவுகோலானது பின்னால். இந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லும் சான்பிரான்சிஸ்கோ அறிவிக்கை 2012இல் உருவாகி 2013இல் வெளியானது. கையெழுத்திட்டவர்கள் பலர், கடைப்பிடிப்பவர்கள் அவ்வளவு இல்லை.

மேற்கோள் தரவுத்தளங்களில் ஆங்கில இதழ்களே மிகுதி. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வரும் சமூக ஆய்வுக்கு அங்கே இடம் மிக அரிது. எண்ணப்படாதது மதிக்கப்படாது, மதிக்கப்படாதது அடுத்த தலைமுறையால் எழுதப்படாது. யாரைப் பற்றிய அறிவு 'பொது மனித அறிவு' ஆகிறது என்பதிலும் இதே சாய்வு தெரியும். ஜெஃப்ரி ஆர்னெட் 2008இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதன்மை இதழ்களை ஆராய்ந்தபோது, ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் மேற்கத்திய தொழில்மய நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த நாடுகளின் மக்கள்தொகை உலகில் 12 சதவீதம். லட்சக்கணக்கான சமூக அறிவியல் கட்டுரைத் தலைப்புகளை ஒப்பிட்டு 2022இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஏழை நாடுகளைப் பற்றிய கட்டுரைகளின் தலைப்பில் நாட்டின் பெயர் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத் தொழிலாளரைப் பற்றி எழுதினால் 'தொழிலாளரும் கடனும்'. திருப்பூரைப் பற்றி எழுதினால் 'தொழிலாளரும் கடனும்: இந்தியாவில் ஒரு நகரம்'. முதலாவது எங்கும் பொருந்தும் அறிவாகவும் இரண்டாவது உள்ளூர்ச் செய்தியாகவும் படிக்கப்படுகிறது.

பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது

கட்டுரை எழுதியவருக்கு இதழ் பணம் தருவதில்லை, மதிப்பிட்டவருக்கும் தருவதில்லை. இருவருக்கும் சம்பளம் பெரும்பாலும் பொதுப்பணத்திலிருந்து வருகிறது. அவர்களின் உழைப்பைப் பெற்ற பதிப்பகம் அதைப் பல்கலைக்கழக நூலகங்களுக்கே சந்தாவாக விற்கிறது. லாரிவியரும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, சமூக அறிவியல் துறைகளில்தான் குவிதல் மிக அதிகம்: சில துறைகளில் கட்டுரைகளில் 70 சதவீதம் வரை ஐந்தே பதிப்பகங்களின் கையில். எல்செவியர் பதிப்பகத்தை உள்ளடக்கிய ரெலெக்ஸ் குழுமத்தின் ஆய்விதழ்ப் பிரிவு, சமீப ஆண்டுகளில் வருவாயில் ஏறத்தாழ 38 சதவீதத்தை இயக்க லாபமாகக் காட்டுகிறது.

புடாபெஸ்டில் 2001 டிசம்பரில் நடந்த கூட்டத்திலிருந்து உருவாகி 2002இல் வெளியான அறிக்கை, ஆய்வு யாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்ற திறந்த அணுகல் கொள்கைக்கு வடிவம் கொடுத்தது. அதற்கு மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. தங்க வழியில் வாசகருக்கு இலவசம், பல இதழ்களில் எழுதியவர் கட்டணம் கட்ட வேண்டும். பசுமை வழியில் கட்டுரை சந்தா இதழில் வரும். எழுதியவர் தன் பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாக வைப்பார். வைர வழியில் இரு பக்கமும் கட்டணமில்லை. ஒரு நிறுவனமோ அரசோ அறிஞர் சங்கமோ செலவை ஏற்கும்.

தங்க வழியின் சிக்கலை எண்ணாகப் பார்க்கலாம். பெரிய பதிப்பகங்களின் கட்டணம் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 டாலர். 3,000 டாலரை, டாலருக்கு 85 ரூபாய் என்று கணக்கிட்டால் 2,55,000 ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தரும் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000. ஏழு மாத உதவித்தொகை ஒரு கட்டுரைக்கு. கட்டண விலக்குப் பட்டியல்கள் பலவற்றில் இந்தியா இடம்பெறுவதில்லை. படிக்க முடியாமல் இருந்த சுவர், எழுத முடியாத சுவராக இடம் மாறுகிறது.

வேறு வழியும் சாத்தியம் என்பதற்கு லத்தீன் அமெரிக்காவே சான்று. பிரேசிலில் சாவ் பாவ்லோ மாநில ஆய்வு நிதியமைப்பின் ஆதரவில் 1990களின் இறுதியில் தொடங்கிய சைலோ என்ற தளம், பல்கலைக்கழகங்களும் சங்கங்களும் நடத்தும் இதழ்களை இலவசமாக இணையத்தில் வைத்தது. போர்த்துகீசும் ஸ்பானிஷும் அங்கே முதல் மொழிகள். மெக்சிகோவில் ரெடாலிக் அதே வழியில் வந்தது. அங்குள்ள சமூகவியலாளர் தன் நகரத்தைப் பற்றித் தன் மொழியில் எழுதி, தன் மாணவர் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட முடிகிறது. பொதுப்பணத்தை எங்கே வைக்கிறோம் என்ற ஒரு முடிவால் வந்த வேறுபாடு இது. அமெரிக்காவிலும் 'கல்ச்சுரல் ஆந்த்ரபாலஜி' இதழ் 2014 முதல் கட்டணமின்றித் திறக்கப்பட்டது.

இந்தியா எடுத்த வழி சந்தா வழி. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது: 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள். மாவட்டத்து அரசுக் கல்லூரி மாணவருக்கு இது உண்மையிலேயே பெரிய திறப்பு. ஆனால் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர், தனி ஆய்வாளர், செய்தியாளர், தொழிற்சங்க ஊழியர் ஆகியோர் வெளியேதான் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் உயர்கல்வியின் பெரும்பகுதி சுயநிதிக் கல்லூரிகளில் நடக்கிறது என்பதை நினைத்தால் அது சிறிய விடுபடல் இல்லை.

கட்டாயம் வளர்த்த போலி இதழ்கள்

முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட வேண்டும் என்று யுஜிசியின் 2016 விதி சொன்னது. பதவி உயர்வுக்கும் கட்டுரை எண்ணிக்கை புள்ளியானது. லட்சக்கணக்கானவருக்குக் கட்டாயம், நல்ல இதழ்களிலோ இடம் குறைவு. அந்த இடைவெளியில் பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்கள் முளைத்தன. 2018 மே மாதத்தில் யுஜிசி தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பின் 'கேர்' என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டு, பொறுப்பு நிறுவனங்களிடமே விடப்பட்டது. 2022 விதிகளில் கட்டாயக் கட்டுரை நீக்கப்பட்டாலும் பல பல்கலைக்கழகங்கள் பழைய வழக்கத்தை விடவில்லை.

இனிச் சோதிக்கும் வேலை எழுதுபவருடையது. இதழுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னை அதன் அதிகாரபூர்வத் தளத்தில் தேடிப் பெயரும் இணைய முகவரியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்கள் உண்டு. ஆசிரியர் குழுவில் இருவரைத் தேர்ந்து, அவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசி நான்கு இதழ்களின் பொருளடக்கத்தில் சமூகவியலும் விலங்கியலும் சிவில் பொறியியலும் கலந்து கிடந்தால் மேலே பார்க்க வேண்டியதில்லை. மூன்று நாளில் ஏற்பு, தனிநபர் யுபிஐ கணக்குக்குப் பணம், கேள்விப்படாத நிறுவனம் தந்த 'இம்பாக்ட் ஃபாக்டர்' ஆகியவை எச்சரிக்கை. அந்த எண்ணைத் தருவது கிளாரிவேட் என்ற ஒரே நிறுவனம். இப்படி ஓர் இதழில் போட்ட கட்டுரையைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம், நல்ல இதழில் அதை மீண்டும் வெளியிடவும் முடியாது. பல மாதக் களப்பணி அங்கேயே முடங்கிவிடும்.

கையெழுத்திடும் முன்

ஏற்பு வந்த மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவதுதான் மிகப் பரவலான தவறு. பதிப்புரிமையையே மாற்றிக்கொடுக்கிறோமா, வெளியிடும் உரிமத்தை மட்டும் தருகிறோமா என்று பாருங்கள். பிறகு மூன்று வடிவங்களைப் பிரித்து அறிய வேண்டும்: முதலில் அனுப்பிய கைப்பிரதி, திருத்தங்கள் முடிந்து ஏற்கப்பட்ட கைப்பிரதி, பதிப்பகம் வடிவமைத்த இறுதிப் பிடிஎஃப். முதலாவதைப் பொதுவில் வைக்கப் பெரும்பாலான இதழ்கள் அனுமதிக்கின்றன. இரண்டாவதை உடனேயோ ஓரிரு ஆண்டு தடைக்காலத்துக்குப் பின்னரோ வைக்கலாம். மூன்றாவதை அனுமதியின்றி வைக்கக்கூடாது. பலர் வைப்பது இதைத்தான். பல இதழ்களின் விதிகளை, முன்பு ஷெர்பா ரோமியோ எனப்பட்டு இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்று வழங்கும் தரவுத்தளம் தொகுத்திருக்கிறது. ஏற்பு மின்னஞ்சல் வந்த அன்றே இரண்டாம் வடிவத்தைத் தேதியிட்டுத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். மெய்ப்புத் திருத்தம் தொடங்கியபின் அது எங்கே என்று தேடுவது வீண்வேலை.

முதல் வடிவத்தை வைக்க எஸ்எஸ்ஆர்என் என்ற களஞ்சியம் 1994 முதல் உண்டு. 2016இல் அதை எல்செவியர் வாங்கியது. அதே ஆண்டில் சமூகவியலாளர்கள் லாப நோக்கற்ற சோக்ஆர்க்கைவைத் தொடங்கினார்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது பின்னதை.

படிக்கும் பக்கத்திலும் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பாடத்துக்கான பக்கங்களைத் தொகுத்து நகலெடுத்துக் கொடுத்த டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது 2012இல் மூன்று பன்னாட்டுப் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கற்பித்தலுக்கான நகலை அனுமதிக்கிறது என்று உயர்நீதிமன்றம் 2016இல் கூறியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. வகுப்புக்குத் தேவையான பக்கங்களைத் தொகுத்துக் கொடுக்கத் தயங்கும் ஆசிரியர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

தரவைப் பகிர்தல்

மேரிலாந்து பல்கலைக்கழகமும் டெல்லியின் பொருளியல் ஆய்வு நிறுவனமான என்சிஏஇஆரும் 2004-05இல் நடத்திய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 41,554 குடும்பங்களின் தரவை யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. கள ஆய்வுக்குப் பணமில்லாத ஆய்வாளர்கள் அதை வைத்துச் சாதி, கல்வி, உடல்நலம் பற்றியெல்லாம் எழுத முடிந்தது. தரவு திறந்திருப்பதன் பலன் அது.

நேர்காணலைத் திறந்துவைப்பது வேறு விஷயம். பெயரை நீக்கினால் போதும் என்பது ஆபத்தான நம்பிக்கை. 'லைன் சூப்பர்வைசர், 42 வயது, தேனியிலிருந்து வந்தவர், இரட்டைப் பிள்ளைகள்' என்ற நான்கு விவரம் சேர்ந்தால் அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். வேலை போகும். வயதை 40-45 என்று வகைப்படுத்துவது, ஊரை மாவட்டத்தொகுதியாக மாற்றுவது, கதைக்குத் தேவையில்லாத குடும்ப விவரத்தை நீக்குவது, தனி ஒருவர் மட்டுமே வகிக்கும் பதவியைப் பொதுவான பெயரால் குறிப்பது ஆகியவை குறைந்தபட்சம். ஒப்புதல் படிவத்தில் 'ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்', 'மற்ற ஆய்வாளருக்குத் தரலாம்' என்ற இரண்டையும் தனித்தனிக் கட்டமாகத் தமிழில் கேட்க வேண்டும். இரண்டாவதுக்குச் சம்மதம் இல்லாமல் திரட்டிய நேர்காணலை இதழ் எவ்வளவு வற்புறுத்தினாலும் பகிரக்கூடாது. காரணத்தை எழுதினால் பெரும்பாலான இதழ்கள் விலக்குத் தருகின்றன.

தமிழில் வைப்பது

நா. வானமாமலை 1969இல் தொடங்கிய 'ஆராய்ச்சி' காலாண்டிதழ் நாட்டார் வழக்காறு, சமூக வரலாறு பற்றிய ஆய்வைத் தமிழிலேயே வெளியிட்டது. ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கியது. எந்த மேற்கோள் அட்டவணையும் எண்ணாத அறிவு அது. இன்று தமிழ் வடிவத்தையும் எண்ணப்படும்படி வெளியிட வசதி இருக்கிறது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தும், ஐரோப்பிய அணு ஆய்வு அமைப்பான செர்ன் நடத்தும் செனோடோ களஞ்சியம் எந்த மொழிக் கோப்புக்கும் டிஓஐ என்ற நிலையான இணைய அடையாள எண் தரும்.

ஆங்கிலக் கட்டுரையை வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். உரிமைச் சிக்கல் வரும், படிப்பவருக்கும் பயனில்லை. அதே தரவிலிருந்து 3,000 சொல்லில் புதிதாக எழுதுங்கள்: கோட்பாட்டு விவாதம் ஒரு பத்தி, இதழ் வெட்டச் சொன்ன கூலி நிர்ணய விவரங்கள் முழுதாக, அட்டவணை இரண்டு. யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் உள்ள பிடிஎஃப் தேடலில் அகப்படாது. எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற சிசி-பிஒய் உரிமத்தைக் குறித்தால் தொழிற்சங்கமோ சிற்றிதழோ கேட்காமலே மறுபதிப்பு செய்யலாம். செனோடோவில் கோப்பை வெளியிடும் முன்பே டிஓஐ எண்ணை ஒதுக்கி வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அந்த எண்ணை ஆங்கிலக் கட்டுரையின் அடிக்குறிப்பில், மெய்ப்பு கைக்கு வரும் முன்பே சேர்த்துவிடுங்கள். மெய்ப்புக் கட்டத்தில் புதிய குறிப்பு சேர்க்கப் பல இதழ்கள் அனுமதிப்பதில்லை.